இணையத்துக்கும் பட்டா வேண்டும்

ஊரில் ஒரு மரக்கால் விதைப்பாடு நிலம் வைத்திருப்பவருக்குக்கூடப் பட்டாவின் அருமை தெரியும். பாண்டுப் மலைச்சரிவில் பத்துக்குப் பத்து அறை ஒன்றை வைத்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய நம்மவர்களுக்கு அது இன்னும் நன்றாகவே தெரியும். “முப்பது வருஷமாக இங்கேதான் இருக்கிறேன், அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்” என்று எந்த அலுவலகத்தில் போய்ச் சொன்னாலும் எடுபடாது. போட்டோ பாஸ் எங்கே, ரேஷன் கார்டு எங்கே, கரண்ட் பில் எங்கே என்பார்கள். 1995 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்கு அத்தாட்சி, பிறகு 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்கு அத்தாட்சி என்று அலைந்த அலைச்சல் நம்மில் பலருக்கும் மறந்திருக்காது. வாய்ச்சொல் வேறு, ஆதாரம் வேறு என்பதை மும்பை நமக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறது.

இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளாமலேயே நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்த ஒன்று உண்டு. அதுதான் இன்டர்நெட் எனப்படும் இணையம். ஒரு கணிப்பொறி வலையமைப்பு, “இந்த முகவரிகள் என்னுடையவை, இவற்றுக்குப் போக வேண்டியதை என்னிடம் அனுப்புங்கள்” என்று சொன்னால், பக்கத்து வலையமைப்பு அதை அப்படியே நம்பும். நம்பி, அடுத்தவருக்கும் சொல்லும். ஆதாரம் கேட்கும் வழக்கமே இருக்கவில்லை. அந்த வழக்கம் இப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளின் வேலை, ஊருக்கு அனுப்பும் பணம், தாய் தகப்பனோடு பேசும் பேச்சு ஆகிய எல்லாம் இன்று இந்த வழியாகவே போகின்றன. ஆகவே இது கம்ப்யூட்டர் படித்தவர்கள் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல.

பாண்டுப்பிலிருந்து பாளையங்கோட்டைக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பாண்டுப்பில் இருக்கும் ஒரு மகள், பாளையங்கோட்டையில் இருக்கும் தாயாருடன் போனில் முகம் பார்த்துப் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய குரலும் முகமும் சின்னஞ்சிறு துண்டுகளாக்கப்படுகின்றன. ஒவ்வொரு துண்டின் மீதும், போய்ச் சேரவேண்டிய இடத்தின் முகவரி எண்களாக எழுதப்படுகிறது. கட்டடத்துக்குக் கட்டடம் தொங்கும் கேபிள் வழியாக அவை முதலில் நம் பேட்டை ஆபரேட்டரிடம் போகும். அவரிடமிருந்து ஒரு பெரிய கம்பெனி, அங்கிருந்து இன்னொரு கம்பெனி என்று கை மாறிக் கை மாறிக் கடைசியில் தாயாரின் போனுக்குப் போய்ச் சேரும். இத்தனையும் கண்மூடித் திறப்பதற்குள் நடக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இணையம் என்பது ஒரே கம்பெனி அல்ல என்பதுதான். உலகம் முழுவதும் 75,000-க்கும் மேற்பட்ட தனித்தனி வலையமைப்புகள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு அது. ரயில் வண்டிக்கு எண் இருப்பதுபோல் ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஓர் எண் உண்டு. பார்தி ஏர்டெலின் எண் 9498. ஹாத்வேயின் எண் 17488. ஒரு சாலில் அறைகளுக்கு வரிசையாக எண் போட்டிருப்பதுபோல, ஒவ்வொரு வலையமைப்பிடமும் சில முகவரித் தொகுதிகள் இருக்கின்றன. இப்படி உலகில் அறிவிக்கப்பட்டிருக்கும் தொகுதிகள் சுமார் 10 லட்சம்.

இந்தப் பத்து லட்சத்துக்கும் வழி எப்படித் தெரிகிறது? தலைமை அலுவலகம் என்று ஒன்று இருந்து வரைபடம் போட்டுத் தருவதில்லை. “இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன” என்று ஒரு வலையமைப்பு தன் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லும். அவர், “அந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்” என்று தன் பக்கத்திலிருப்பவரிடம் சொல்வார். இப்படியே செவிவழிச் செய்தி போல உலகம் முழுவதும் பரவிவிடும். இதற்கு வழியறிவிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அறிவிப்பு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை நாம் எல்லோருமே ஒருமுறை பார்த்திருக்கிறோம். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு, இந்திய நேரப்படி ஒன்பது மணிக்கு மேல், வாட்ஸ்ஆப்பும் பேஸ்புக்கும் ஒரேயடியாக நின்றுபோயின. பராமரிப்பு வேலையின்போது கொடுக்கப்பட்ட ஒரு தவறான கட்டளையால் அந்தக் கம்பெனியின் வழியறிவிப்புகள் மறைந்துவிட்டன. கம்ப்யூட்டர்கள் எல்லாம் அங்கேயேதான் இருந்தன. ஆனால் அங்கே போகும் வழி உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. சரிசெய்ய ஏறக்குறைய 6 மணி நேரம் பிடித்தது.

கை துடைக்கும் காகிதத்தில் பிறந்தது

வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் இந்த முறைக்கு ‘பார்டர் கேட்வே புரோட்டோகால்’ என்று பெயர். சுருக்கமாக பி.ஜி.பி. 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த ஒரு பொறியாளர் கூட்டத்தின்போது, சிஸ்கோ கம்பெனியின் கிர்க் லோகீட், ஐ.பி.எம். கம்பெனியின் யாகவ் ரெக்டர் ஆகிய இருவரும் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கை துடைக்கும் காகிதங்களின் மீது இதன் முதல் வரைவை எழுதினார்கள். அன்றைய நெருக்கடிக்கு ஒரு தற்காலிக ஏற்பாடாக எழுதப்பட்ட அது, சில திருத்தங்களோடு இன்றுவரை உலகத்தின் மொத்த இணையத்தையும் தாங்கி நிற்கிறது.

அதில் ஆதாரம் கேட்கும் ஏற்பாடு இல்லாததற்குக் காரணம் உண்டு. அன்று இணையத்தில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும்தான். பொறியாளர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பத்து வீடு உள்ள கிராமத்தில் யாரும் யாரிடமும் பட்டா கேட்பதில்லை அல்லவா? கிராமம் மாநகரமான பிறகும் வழக்கம் மாறவில்லை என்பதே பிரச்சனை.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்புத் தரத் தொடங்கியபோது, அவர்களுக்கு இருந்தது ஒரே வாசல். 1998-ல் தனியார் கம்பெனிகளுக்கு அனுமதி வந்தது. அதன் பிறகு வாசல்கள் பெருகின. வலையமைப்புகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. வாசல் பெருகப் பெருக, தவறு நேரும் இடங்களும் பெருகின.

மும்பையில் கிளம்பிய குழப்பம்

2015 மார்ச் 12. இந்திய நேரப்படி பிற்பகல் 2 மணி 28 நிமிடம். உலகின் பல நாடுகளில் கூகுள் சேவைகள் திடீரென்று கிடைக்காமல் போயின. குழப்பம் கிளம்பிய இடம் அமெரிக்கா அல்ல. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஹாத்வே நிறுவனத்தின் வலையமைப்பு.

நடந்தது இதுதான். ஹாத்வேக்கு கூகுளின் வழிகள் தெரிந்திருந்தன. அவை அதன் சொந்த வாடிக்கையாளர்களுக்காக மட்டும் இருக்க வேண்டியவை. ஆனால் தவறுதலாக, கூகுளுக்குச் சொந்தமான 300-க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளுக்கான வழியை, தனக்கு மேலே இருந்த பார்தி ஏர்டெலுக்கு அது அறிவித்துவிட்டது. “கூகுளுக்குப் போக வேண்டுமா? என் வழியாகப் போகலாம்” என்று சொன்னதற்குச் சமம் இது. ஏர்டெல் அதை உலகத்துக்குச் சொன்னது. அமெரிக்காவின் கோஜென்ட், லெவல் 3, பிரான்ஸின் ஆரஞ்சு, சிங்கப்பூரின் சிங்டெல், பாகிஸ்தானின் அரசுத் தொலைபேசி நிறுவனம் ஆகிய எல்லாம் அதை நம்பி ஏற்றுக்கொண்டன.

இத்தனை பெரிய கம்பெனிகள் ஏன் ஏமாந்தன? இதில் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. தன் வாடிக்கையாளரின் வழியாகப் போகும் போக்குவரத்துக்கு ஒரு கம்பெனிக்குக் காசு கிடைக்கும். மற்ற வழியில் போனால் கிடைக்காது, அல்லது கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே வாடிக்கையாளர் சொல்லும் வழியை முதலில் எடுத்துக்கொள்வது இத்தொழிலில் பொதுவான வழக்கம். அந்த வழி எவ்வளவு அகலம் என்று யாரும் பார்ப்பதில்லை. எல்.பி.எஸ். மார்க்கில் போகும் அத்தனை லாரியும் பஸ்ஸும், யாரோ கை காட்டினார்கள் என்பதற்காக நம் சால் சந்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? அதுவேதான் அன்று நடந்தது. சிறிது நேரத்தில் தவறு திருத்தப்பட்டது. ஆனால் ஒரு நகரத்துக் கேபிள் கம்பெனியின் கை தவறினால் கூகுளே முடங்கும் என்பதை உலகம் கண்டுகொண்டது.

அடுத்தவர் பெயரைச் சொல்லி

மேலே சொன்னது வழி சொன்னதில் நேர்ந்த பிசகு. அடுத்தவர் வீட்டையே “என்னுடையது” என்று சொல்லும் பிசகு இன்னொரு வகை. அதில் பெயர்பெற்றது 2008 பிப்ரவரி 24-ல் நடந்தது. தன் நாட்டில் யூடியூபைத் தடை செய்யும்படி பாகிஸ்தான் அரசு உத்தரவிட்டது. பாகிஸ்தான் டெலிகாம் தன் வலையமைப்புக்குள், யூடியூப் முகவரிகள் தன்னிடம் இருப்பதாக ஓர் அறிவிப்பைச் செய்தது. வருகிறவர்களை அங்கேயே நிறுத்திவிடுவது நோக்கம். நாட்டுக்குள் நிற்க வேண்டிய அந்த அறிவிப்பு ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. கம்பெனி வழியாக உலகம் முழுவதும் பரவிவிட்டது.

யூடியூபின் உண்மையான அறிவிப்பும் அப்போது இருக்கத்தானே செய்தது என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் யூடியூப் 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் அதற்குள் அடங்கிய 256 முகவரிகளை மட்டும் தனியாக அறிவித்தது. பொதுவான அறிவிப்பைவிடக் குறிப்பான அறிவிப்பையே ஏற்க வேண்டும் என்பது இணையத்தின் விதி. “பாண்டுப்” என்று எழுதிய பலகையைவிட, நம் சாலின் பெயரையே எழுதிய பலகையைத்தானே விருந்தாளி நம்புவார்? அந்தப் பலகை பொய்ப் பலகையாக இருந்தால் அவர் கதி என்ன? இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக யூடியூப் தவித்தது. கடைசியில் தன் 256 முகவரிகளை இன்னும் சிறிய 128, 128 ஆகப் பிரித்து அறிவித்துப் போராடவேண்டி வந்தது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2015 நவம்பர் 6 அன்று ஏர்டெலின் வலையமைப்பு, மற்றவர்களுக்குச் சொந்தமான 16,000-க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தன்னுடையவை என்று அறிவித்தது. 2021 ஏப்ரல் 16 அன்று மாலை ஏழு மணிக்கு மேல் வோடபோன் ஐடியாவின் ஒரு வலையமைப்பு 30,000-க்கும் மேற்பட்ட தொகுதிகளை அப்படி அறிவித்தது. அதனால் அந்த வலையமைப்பை நோக்கி வழக்கத்தைவிட 13 மடங்கு போக்குவரத்து பாய்ந்தது. இவையெல்லாம் கெட்ட எண்ணத்தால் செய்யப்பட்டவை என்று யாரும் சொல்லவில்லை. கட்டளை எழுதுவதில் நேரும் ஒரு பிழை போதும்.

ஆனால் எண்ணம் கெட்டதாகவும் இருக்கலாம். 2018 ஏப்ரல் 24 அன்று திருடர்கள் சிலர், அமேசான் கம்பெனியின் பெயர்ப்பதிவுச் சேவைக்கான முகவரிகளைத் தம்முடையவை என்று அறிவிக்கச் செய்தார்கள். இணையத்தில் ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைச் சொல்லும் டெலிபோன் டைரக்டரி போன்ற சேவை அது. டைரக்டரியே பொய் சொன்னதால், மை ஈதர் வாலட் என்ற மின்காசுத் தளத்துக்குப் போனவர்கள் அச்சு அசலாக அதேபோல இருந்த போலித் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் சுமார் ஒன்றரை லட்சம் டாலர் பறிபோயிற்று. இதில் ஒரு வேதனை உண்டு. அந்தப் போலித் தளத்துக்கு முறையான சான்றிதழ் இல்லை என்று பலருடைய கணிப்பொறித் திரை எச்சரித்தது. எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு உள்ளே போனவர்களே பணத்தை இழந்தார்கள்.

2022 பிப்ரவரியில் தென்கொரியாவில் கிளேஸ்வாப் என்ற மின்காசுச் சேவைக்கு நேர்ந்தது இன்னும் மோசம். முகவரியைக் களவாடியவர்கள், அதை வைத்தே முறையான சான்றிதழையும் வாங்கிவிட்டார்கள். திரையில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. சுமார் 19 லட்சம் டாலர் போயிற்று. ஆக, பயனாளி எவ்வளவு கவனமாக இருந்தாலும் போதாது. வழியைப் பாதுகாக்கும் பொறுப்பு வலையமைப்புகளுக்கு உண்டு என்பது தெளிவாயிற்று.

பட்டா வந்தது

இதற்கு என்ன மருந்து? நாம் அன்றே அறிந்த மருந்துதான். சொந்தம் என்று சொன்னால் காகிதத்தைக் காட்டு!

உலகில் இணைய முகவரிகளை வழங்குவதற்கு ஐந்து வட்டாரப் பதிவகங்கள் உண்டு. ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இருக்கும் ஏப்னிக். அதன் கீழ் இந்தியாவுக்கு ஐ.ஆர்.ஐ.என்.என். என்ற பதிவகம் 2012 முதல் இயங்கிவருகிறது. யாருக்கு எந்த முகவரி கொடுக்கப்பட்டது என்ற பதிவேடு இவர்களிடம்தான் இருக்கிறது. ஊரில் தாசில்தார் ஆபீஸ் பதிவேடு, இங்கே மராட்டியத்தில் சாத்-பாரா பதிவேடு போல என்று வைத்துக்கொள்ளலாம்.

2011-ஐ ஒட்டி இந்தப் பதிவகங்கள் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. ஆர்.பி.கே.ஐ. என்பது அதன் சுருக்கப் பெயர். இதன்படி, முகவரிக்கு உரியவர் மூன்று விவரங்களை எழுதிக் கணிப்பொறிக் கையெழுத்திட்டு வைப்பார். எந்த முகவரித் தொகுதி, அதை அறிவிக்க எந்த எண்ணுள்ள வலையமைப்புக்கு உரிமை, எவ்வளவு சிறிய துண்டு வரை பிரித்து அறிவிக்கலாம் என்பவையே அந்த மூன்று. பட்டாவில் சர்வே எண், உரிமையாளர் பெயர், உட்பிரிவு என்று மூன்றும் இருப்பதுபோலவே இது. உட்பிரிவு விவரம் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். யூடியூபுக்கு நடந்ததுபோல, பெரிய தொகுதிக்குள் புகுந்து சின்னத் துண்டைக் களவாடுவதைத் தடுப்பதற்குத்தான்.

இந்தக் கையெழுத்தைப் போலியாகப் போட முடியாது. யார் வேண்டுமானாலும் கணிதமுறைப்படி சரிபார்க்கலாம். ஓர் அறிவிப்பு வந்ததும் அதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் மூன்று விடைகளில் ஒன்று வரும். செல்லும், செல்லாது, பட்டாவே இல்லை. ‘செல்லாது’ என்று வந்தால் அந்த அறிவிப்பைக் குப்பையில் போடலாம். ‘பட்டாவே இல்லை’ என்று வந்தால், வேறு வழியில்லாததால் பழையபடி நம்பித்தான் ஆகவேண்டும்.

இங்கேதான் இரண்டு பேர் கடமை சேர்கிறது. முகவரிக்கு உரியவர் பட்டா எடுக்க வேண்டும். வழியில் இருப்பவர் பட்டாவைப் பார்க்க வேண்டும். பத்திரம் இருந்து, பதிவாளர் அதைப் பிரித்தே பார்க்காவிட்டால் என்ன பிரயோஜனம்? 2024 மே மாதத்தில்தான் உலகின் பழைய வகை முகவரி வழிகளில் பாதிக்குப் பட்டா என்ற நிலை முதன்முதலாக எட்டப்பட்டது. இதை எட்டுவதற்கே ஏறக்குறைய 13 ஆண்டுகள் ஆயின. ஏர்டெல், வோடபோன் ஐடியா நிகழ்ச்சிகளைப் போன்றவை இனி நேர்ந்தால், பட்டா உள்ள முகவரிகளை, சரிபார்க்கும் வலையமைப்புகளின் வாசலிலேயே தடுத்துக் காப்பாற்றிவிடலாம்.

பட்டா தீர்க்காதது

ஆனால் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து இல்லை. ஹாத்வே நிகழ்ச்சியை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஹாத்வே, “கூகுள் முகவரிகள் என்னுடையவை” என்று சொல்லவில்லை. “கூகுளுடையவை, என் வழியாகப் போகலாம்” என்றுதான் சொன்னது. வீட்டுக்காரர் பெயர் சரி, வழிதான் தவறு. பட்டாவைப் பார்த்தால் ‘செல்லும்’ என்றே வரும்!

இதற்கு வேண்டியது வாசல் காவல். ஒரு பெரிய கம்பெனிக்குத் தன் வாடிக்கையாளர் யார், அவரிடம் என்னென்ன முகவரிகள் உண்டு என்பது தெரியும். அந்தப் பட்டியலுக்கு வெளியே எதைச் சொன்னாலும் ஏற்பதில்லை என்று வடிகட்டி வைத்தால் தீர்ந்தது. மும்பைக் கேபிள் கம்பெனி ஒன்று கூகுளுக்கு வழி சொல்ல வரும்போது, “உனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டிருந்தால் அன்றைய குழப்பம் வாசலிலேயே நின்றிருக்கும். வழி முழுவதையும் சரிபார்க்கும் புதிய முறைகளும் உருவாகிவருகின்றன.

இப்படிப்பட்ட கடமைகளை ஒரு பொது ஒழுங்காக்க 2014-ல் மேனர்ஸ் என்ற இயக்கம் தொடங்கப்பட்டது. இன்டர்நெட் சொசைட்டி என்ற அமைப்பு இதை வளர்த்தது. 2024 முதல் குளோபல் சைபர் அலயன்ஸ் அமைப்பு இதன் செயலகமாக இருக்கிறது. சேரும் வலையமைப்புகள் ஏற்கும் கடமைகள் நான்கு. தவறான வழியறிவிப்புகளை வடிகட்டுவது. அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதிய துண்டுகளைத் தன் வாசலில் தடுப்பது. அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற விவரத்தைச் சரியாக வைத்திருப்பது. தன் முகவரிகளுக்கான ஆதாரத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவது. பார்த்தால் சாதாரணமான காரியங்கள். மூன்றாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் தவறு நேர்ந்தால், எதிர்முனையில் போனை எடுக்க ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

இரண்டாவது வழி

பாதுகாப்பு ஒரு பக்கம். தடைபடாமல் இருப்பது இன்னொரு பக்கம். 2005 ஜூலை 26 வெள்ளத்தை யார் மறப்பார்கள்? ரயிலும் நின்றது, சாலையும் மூழ்கியது. தண்டவாளத்தின் மீது நடந்து வீடு திரும்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இரண்டு வழி இருந்தும், இரண்டும் ஒரே பள்ளத்தில் போனால் அது ஒரு வழிதான் என்பதை அன்று பார்த்தோம்.

இணையத்துக்கும் இது பொருந்தும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கேபிள்கள் இரண்டு அறுந்தன. இந்தியாவில் பெரும்பகுதி இணையம் தள்ளாடியது. கிழக்கே சிங்கப்பூர் பக்கமாகவும் வழி வைத்திருந்தவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். இந்தியாவைத் தொடும் பன்னாட்டுக் கடலடிக் கேபிள்கள் 17 என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-ல் கணக்குக் காட்டியது. மும்பை, சென்னை, கொச்சி, திருவனந்தபுரம், நம் தூத்துக்குடி ஆகிய ஊர்களில் 14 நிலையங்களில் அவை கரையேறின. தூத்துக்குடியில் இறங்கியது இலங்கைக்குப் போகும் கேபிள்.

உள்நாட்டுக்குள்ளும் ஒரு சீர்திருத்தம் நடந்தது. ஒரு காலத்தில், மும்பையில் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் அதே மும்பையில் இன்னொரு கம்பெனியின் வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்தி வெளிநாடு போய்த் திரும்பும். பாண்டுப்பிலிருந்து முலுண்டுக்கு லண்டன் வழியாகப் போவதுபோல! இதைத் தவிர்க்க 2003-ல் நிக்ஸி என்ற அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. வலையமைப்புகள் உள்ளூரிலேயே சந்தித்துச் சரக்கை மாற்றிக்கொள்ளும் சந்தைகளை அது மும்பை, சென்னை போன்ற நகரங்களில் நடத்துகிறது. பாதை குறுகினால் பழுதாகும் இடங்களும் குறையும்.

இத்துறையில் நம்மவர் ஆராய்ச்சியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கும் ஹரி பாலகிருஷ்ணன், 2001-ல் தம் சகாக்களோடு ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார். வழி ஒன்று பழுதானால் இணையம் மாற்று வழி பிடிக்கப் பல நிமிடங்கள் ஆகின்றன. கணிப்பொறிகள் தமக்குள் வழியைக் கண்காணித்துக்கொண்டால் சில விநாடிகளில் திரும்பிவிடலாம் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். 2023-ல் அவருக்கு மார்கோனி பரிசு கிடைத்தது.

நாம் செய்யக்கூடியது

இதையெல்லாம் படித்துவிட்டு, “பெரிய கம்பெனிகள் சமாச்சாரம், நமக்கென்ன?” என்று இருந்துவிட வேண்டியதில்லை. நம்மால் ஆனவை சில உண்டு.

முதலாவது, பாங்குத் தளத்தையோ வேறு எந்தப் பணத் தளத்தையோ திறக்கும்போது, “இந்தத் தளத்தின் சான்றிதழ் சரியில்லை” என்று திரையில் எச்சரிக்கை வந்தால், அந்த நிமிடமே மூடிவிடுங்கள். “பரவாயில்லை, தொடரலாம்” என்ற பொத்தானை ஒருநாளும் அழுத்த வேண்டாம். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

இரண்டாவது, இணைய இணைப்பு வாங்கும்போது வேகத்தையும் விலையையும் மட்டும் கேட்கிறோம். “உங்கள் கம்பெனி வழியறிவிப்புகளைச் சரிபார்க்கிறதா? மேனர்ஸ் இயக்கத்தில் இருக்கிறதா?” என்றும் கேளுங்கள். பேட்டை ஆபரேட்டருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் மேலே கேட்பார். கிளவுட்ஃபிளேர் என்ற அமெரிக்கக் கம்பெனி 2020 ஏப்ரல் முதல் ஒரு சோதனை வசதியை இலவசமாகத் தருகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால், நம் இணைப்புக் கம்பெனி செல்லாத அறிவிப்புகளைத் தடுக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் தேடிப் பார்த்துச் சொல்வார்கள்.

மூன்றாவது, வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களும் சிறு தொழில் நடத்துபவர்களும் இரண்டாவது இணைப்பு ஒன்று வைத்திருப்பது நல்லது. அது முதல் கம்பெனியின் கேபிளிலேயே வருவதாக இருக்கக் கூடாது. ஒன்று கேபிள் என்றால் மற்றது வேறு கம்பெனியின் செல்போன் இணைப்பாக இருக்கட்டும்.

நான்காவது நம் இளைஞர்களுக்கு. கம்ப்யூட்டர் படிப்பு என்றாலே புரோகிராம் எழுதுவது மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைத்து ஒழுங்காக நடத்துவதும் ஒரு தொழில். ஏப்னிக் நடத்தும் அகாடமி, பி.ஜி.பி. முதல் ஆர்.பி.கே.ஐ. வரை இலவசமாகவே பாடம் சொல்லிக் கொடுக்கிறது. கேபிள் இணையத் தொழிலில் இருக்கும் நம்மவர்களும் தங்களுக்கென்று முகவரிகள் வைத்திருந்தால், பட்டா எடுத்தாயிற்றா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தாசில்தார் ஆபீஸ் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பதிவகத்தில் கணக்கு இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடலாம்.

ஒரு காகிதம் இல்லாததால் வீட்டை இழந்தவர்களையும், ஒரு காகிதம் இருந்ததால் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டவர்களையும் நாம் இந்தப் பாண்டுப்பிலேயே பார்த்திருக்கிறோம். அந்தக் காகிதத்தை வாங்கிப் பத்திரமாக வைத்தவர்கள் நம் பெற்றோர். இணையத்தின் காகிதங்களை ஒழுங்காக வைக்கும் வேலை நம் பிள்ளைகளின் தலைமுறைக்கு வந்திருக்கிறது. அவர்களில் சிலராவது அதை எடுத்துச் செய்யட்டும்.